பாகுமேயில் பிறந்தவர்கள்

அடிஸ் அபாபாவிலுள்ள எங்கள் அலுவலகத்தில் அன்று காபிக் கோப்பைகளைக் கழுவும் முறை யெஷியுடையது. கழுவிக்கொண்டே மூத்த நிரலாளர் லெம்மாவோடு மல்லுக்கு நின்றாள். குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவுக்காக அவர் எழுதிய நிரலில் மாதம் பன்னிரண்டோடு முடிந்துவிடும். ஐந்தாறு நாட்களே கொண்ட எங்கள் பதின்மூன்றாம் மாதமான பாகுமேயில் பிறந்த குழந்தைகளை அது ஏற்பதில்லை. யெஷியின் மகளும் பாகுமே மூன்றில் பிறந்தவள்.

"இன்னொரு கண்டிஷன் சேர்த்துடும்மா, வேலை முடிஞ்சுது," என்றார் லெம்மா.

"ஏற்கெனவே நாப்பது இருக்கு அண்ணே, ஒண்ணுக்குள்ள ஒண்ணா. வெங்காயம்கூட உரிச்சா ஒரு இடத்துல முடிஞ்சிடும்."

மூன்று நாள் யெஷி இருக்கையை விட்டு அசையவில்லை. அந்த நாற்பதுக்குள் சிக்கியிருந்த ஒவ்வொரு சோதனையையும் தனி விதியாகப் பிரித்தாள்: பெயருக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று. அவற்றை வரிசையாக நிறுத்தி, தேதி விதியை மட்டும் திருத்தினாள். மற்ற எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

லெம்மா பாகுமே ஏழு என்று அடித்தார். "அப்படியொரு நாள் இல்லை" என்றது திரை. மூன்று என்று அடித்தார். ஏற்றுக்கொண்டது.

"பழசை அழிச்சிடவா அண்ணே?"

"அழிச்சிடும்மா," என்ற லெம்மா தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.