வயிற்றைக் குறைத்தபின் எட்டாம் நாள்

போன வாரம் விருதுநகரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் அச்சகம் நடத்துகிறவர், இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர். மெதுவாக என் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க தங்கச்சி வயித்துல ஆபரேசன் பண்ணி எளைச்சுட்டாகளாமே... எம் மகளுக்கும் பாக்கலாம்னு இருக்கேன். ரெண்டு மணி நேர வேலைதானாமே?"

ஆபரேஷன் அவ்வளவு நேரம்தான். எனக்கு மறக்காதது அதற்குப் பிறகு வந்த எட்டாம் நாள். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தங்கை முத்துலட்சுமிக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு கம்பெனியில் வேலை. எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. சர்க்கரை, முட்டி வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல்... எல்லாம் உண்டு. நடை, கொள்ளுத் தண்ணீர், ராத்திரிப் பட்டினி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஐந்து கிலோ குறையும். ஆறு கிலோ ஏறும்.

அவளை ஆபரேஷன் வரை தள்ளியது அழகு ஆசை இல்லை. ஒருநாள் கம்பெனியில் அடுத்த அறையில் தீப்பொறி. பட்டாசு வேலையில் முதல் பாடமே ஓடுவதுதான். எதையும் எடுக்காதே, திரும்பிப் பார்க்காதே, ஓடு! எல்லோரும் ஓடினார்கள். தரையில் உட்கார்ந்திருந்த முத்துவால் எழ முடியவில்லை. கூட வேலை பார்க்கும் பாண்டியம்மாள் வாசல்வரை போனவள் திரும்பி வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தீ அந்த அறையோடு அணைந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் முத்து மறுநாள் என் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"நான் செத்தாக்கூடப் பரவால்லண்ணே. பாண்டியம்மாளுக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கு. என்னக் காப்பாத்த வந்து அவ செத்திருந்தா?"

அந்த வாரமே அவளை மதுரைக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர். பேப்பரில் படம் வரைந்து விளக்கினார். வயிறு என்பது ஒரு பை. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கை நெடுக்காக வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாய். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். பசியைத் தூண்டும் சுரப்பும் குறையும். ஆனால், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. சத்து மாத்திரை ஆயுசுக்கும்.

"இது மந்திரம் இல்லம்மா. சாப்பாட்டுப் பழக்கத்தை மாத்தலைன்னா எடை திரும்பி வரும்" என்றார்.

கையில் ஒரு தாளும் கொடுத்தார். காய்ச்சல், மூச்சு வாங்குதல், இடது தோளில் வலி, நாடி நிமிஷத்துக்கு நூற்றிருபது... எது வந்தாலும் உடனே வர வேண்டும். தையல் கசிவதாக இருக்கலாம். சிலருக்குத்தான் வரும், வந்தால் ஆபத்து. நாங்கள் தலையாட்டினோம். தாளை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினேன். ஒட்டியதோடு சரி!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் வீட்டைவிட மதுரைக்குக் கிட்டே என்பதால் என் வீட்டுக்கே கூட்டி வந்தோம். தண்ணீர், வடிகட்டிய சூப், மோர். அவ்வளவுதான் சாப்பாடு.

எட்டாம் நாள், காலை பதினொரு மணி.

"அண்ணே, இடது தோள்பட்ட லேசா வலிக்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேஸா இருக்கும்."

ஆபரேஷனில் வயிற்றுக்குள் அடைக்கிற காற்றால் முதல் சில நாள் தோள் வலிக்கும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி ஓமத் தண்ணீர் வைக்கப் போனாள். முத்துவும் ஆமாம் என்றாள். கஷ்டத்தைச் சின்னதாக்கிச் சொல்வது அவளுக்குப் பழக்கம்.

ஒரு மணிக்கு அவள் அந்தத் தண்ணீரையும் வேண்டாம் என்றாள். குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள். நெற்றி சுட்டது. அப்போதுதான் ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தேன். நாடி பார்க்கும் மெஷினை எடுத்து அவள் விரலில் மாட்டினேன்.

நூற்று இருபத்தாறு.

மெஷின் கோளாறு என்று விரலை மாற்றினேன். நூற்று இருபத்தெட்டு.

போனில் டாக்டர் ஒரே மூச்சில் சொன்னார்: "வாயில ஒண்ணும் குடுக்காதீங்க. இப்பவே கிளம்புங்க."

அவளைப் பார்க்க வந்திருந்த அவள் கணவர் கருப்பசாமி தயங்கினார். "மச்சான், இங்கனயே ஒரு ஊசியப் போட்டுப் பாப்பமா?"

"ஏறுங்க மாப்ள!"

திருமங்கலம் தாண்டியதும் டோல்கேட்டில் வரிசை. முன்னால் நின்ற லாரி நகரவே இல்லை. பின் சீட்டிலிருந்து மாப்பிள்ளை எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். "நூத்தி முப்பத்திரெண்டு மச்சான்..." நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். இரண்டு மணி நேரம்... இரண்டு மணி நேரத்தைக் கேஸ் என்று சொல்லியே போக்கிவிட்டேனே!

முத்து கண்ணைத் திறக்காமல் பேசினாள். "அண்ணே, பாண்டியம்மாட்ட சொல்லிராத. அவ பயந்துருவா."

ஸ்கேனில் தெரிந்தது. தையலின் மேல்முனையில் சின்னக் கசிவு. அன்று சாயங்காலமே மறுபடி தியேட்டர். உள்ளே கழுவி, குழாய் வைத்தார்கள். வெளியே வந்த டாக்டர் மாஸ்க்கை இறக்கினார். "இன்னும் ஒரு நாள் வீட்டுலயே வச்சிருந்தீங்கன்னா..."

இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரி. சாப்பாடு நேராகக் குடலுக்கு, குழாய் வழியாக. சொல்ல வேண்டாம் என்றாலும் எப்படியோ தெரிந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டியம்மாள் பஸ் பிடித்து வந்து காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருப்பாள்.

இது நடந்து ஒன்றரை வருஷம். முத்து இப்போது எண்பத்தொரு கிலோ. முடி கொட்டி, மறுபடி வளர்ந்திருக்கிறது. ஒரு இட்லியை இருபது நிமிஷம் சாப்பிடுகிறாள். சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது. வருத்தமா என்று கேட்டேன்.

"இல்லண்ணே. பண்ணது சரிதான். ஆனா லேசுல எளைச்சுட்டேன்னு மட்டும் எவளும் சொல்லக் கூடாது."

ஆகவே, வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தேவைப்பட்டவர்கள் நல்ல டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். எடை எம்புட்டு குறையும் என்று கேட்கும் அதே மூச்சில், எட்டாம் நாள் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேஸா, கசிவா என்று கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. நம் வேலை... வண்டிச் சாவியை எடுப்பது!