துரையம்மா காப்பாற்றிய கடா

என் மகள் குளிர்காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தபோது, அவள் பிழைத்தால் மாரியம்மனுக்குக் கடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டேன். பிழைத்தாள். அப்போது நாங்கள் மலாயாவில் புலாவ் செபாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். நான் பால் வெட்டினேன். என் கணவர் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரர்.

நேர்ந்துவிட்ட குட்டியை, கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டிலேயே வளர்த்தேன். என் மகள் தன் கஞ்சியில் பாதியை அதற்குக் கொடுப்பாள். அது அவள் பாவாடையைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே திரியும். திருவிழா நெருங்க நெருங்க அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அது சாமி கடாம்மா, நம்மளது இல்ல" என்று சொல்லிச் சொல்லி அவளைப் பழக்கினேன். என்னையும்தான்.

திருவிழா அன்று கடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தோம். வேடிக்கை பார்க்க வந்த துரையம்மா, அரிவாளைக் கண்டதும் அழுதுவிட்டார். இங்கிலீஷில் ஏதோ கத்தினார். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஆசையா வளத்த உசுர வெட்டுறீங்களே, நீங்கள்லாம் மனுசங்களான்னு கேக்குறாங்க. கடாவ பங்களாவுக்கு ஓட்டிட்டு வரச் சொல்றாங்க."

"நேத்திக்கடன் ஐயா," என்றேன்.

"துரையம்மா சொன்னா சொன்னதுதான் லா. பேசாம இரு."

ஓட்டிப் போனார்கள். வேண்டுதல் நின்றுபோனதே, அம்மன் பிள்ளையைத் திரும்பக் கேட்பாளோ என்று நான் நடுங்கினேன். என் மகளோ சந்தோஷத்தில் குதித்தாள்.

பங்களாவில் கடாவுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, எங்கள் வாயில் நுழையாத பெயர் ஒன்றும் வைத்தார்கள். துரையம்மாவின் நாயோடு அது புல்வெளியில் ஓடியது. அதே நாட்களில் பங்களாச் சமையலுக்கு ரயிலில் ஐஸ் பெட்டிக்குள் ஆட்டுக்கறி வந்து இறங்கும். என் கணவர்தான் ஸ்டேஷனுக்குப் போய் எடுத்துவருவார். அதைப் பார்த்துத் துரையம்மா அழுததாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. எங்கள் சம்பளத்தைக் குறைத்தார்கள். பலரை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். துரைக்கும் வேலை போயிற்று. நாயைச் சீமைக்குக் கொண்டுபோகத் தோட்டத்துத் தச்சர் மரக்கூண்டு ஒன்று செய்தார். கடாவுக்குக் கூண்டு செய்யச் சொல்லவில்லை.

புறப்படுமுன் துரை பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்களை அழைத்துப் பிரிவு விருந்து வைத்தார். மறுநாள் என் கணவர் வாழையிலை மூடிய சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"நம்ம கடா," என்றார். "நாந்தான் அறுத்தேன்."

"துரையம்மா விட்டாங்களா?"

"துரை சொன்னாரு. அம்மா என்னைக் கூப்பிட்டு, எந்த நாளு அறுக்கப்போறன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதன்னாங்க."

"சாப்பிட்டாங்களா?"

"ரெண்டாந்தரமும் கேட்டு வாங்குனாங்க."

அம்மனுக்கு வெட்டியிருந்தாலும் தின்றிருப்போம்தான். நானும் தின்றிருப்பேன், லயமே தின்றிருக்கும். ஆனால் அதைக் கும்பிட்டு, அதன் கண் முன்னால் நின்று, தெரிந்தே செய்திருப்போம். எங்களை மனிதர்களா என்று கேட்டவருக்கு நாள் தெரிய வேண்டாமாம்.

வீட்டில் கறி கண்டு மாதக்கணக்காகியிருந்தது. மகள் பசியோடு தட்டை நீட்டினாள். கடாவும் நாயோடு சீமைக்குப் போகிறதென்று அவள் நம்பியிருந்தாள். என்ன கறி என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் கணவர் தொடவில்லை. பின்னால் வந்த துரைகளுக்கும் அவர்தான் கறி சமைத்தார். தான் மட்டும் கறி சாப்பிடுவதை விட்டுவிட்டார். விரதக்காரர் என்று லயத்தில் அவருக்கு மரியாதை கூடியது. அவர் மறுக்கவில்லை.