சால் வழிந்த வைகாசி

1. சித்திரையில் அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.
2. அதே மாதம் நைனா, அதாவது எங்கள் அப்பா, கிணற்றுக் கயிற்றை என்னிடமிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார்.
3. அண்ணி பேசிய தமிழை நான் திருத்தினேன்.
4. வைகாசியில் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. கொல்லையில் மட்டும் சேறு காயவில்லை.
5. நைனாவிடம் புகார் சொன்னேன்.
6. வீடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

நடந்தது இந்த வரிசையில்தான். ஆனால் மூன்றாவதை நான் வெகுநாள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

திருத்தணியில் மலையை ஒட்டிய தெருக்களில் எங்கே தோண்டினாலும் பாறைதான். எங்கள் கொல்லைக் கிணற்றில் கார்த்திகையில் குனிந்து சொம்பால் மொள்ளலாம். கோடையில் அடியில் ஒரு குழியில் ஊறுவதைக் காத்திருந்து சேந்த வேண்டும். சேந்தி முடித்ததும் கயிற்றை ராட்டினத்திலிருந்து கழற்றி அடுக்களை ஆணியில் மாட்டிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கயிறு யார் பொறுப்போ, வீட்டுத் தண்ணீர் அவர் பொறுப்பு. அம்மா காலமான பிறகு அது என் பொறுப்பாக இருந்தது.

கயிற்றோடு சேர்ந்து இன்னொன்றும் வரும். ஆடிக் கிருத்திகையன்று காவடி எடுத்து வருபவர்களுக்கு எங்கள் வாசலில் கால் கழுவத் தண்ணீரும் குடிக்க நீர்மோரும் கொடுப்போம். அம்மா தொடங்கியது. கயிறு வைத்திருப்பவள்தான் அன்று சொம்போடு வாசலில் நிற்பாள். நான் சென்னையில் சுகாதாரப் பயிற்சி முடித்து, பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய் வெந்நீர் எப்படி வைக்க வேண்டும், குடத்தை எப்படி மூட வேண்டும் என்று சொல்லும் வேலையில் இருந்தேன். ஊருக்கு நான் நர்சம்மா. கிருத்திகையன்று மட்டும் வயதான பெண்கள் என் முகத்தைப் பார்த்து, "அப்படியே அவங்க அம்மா" என்று சொல்லிவிட்டு மலை ஏறுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் வருஷம் முழுவதும் கிணற்றைக் காத்தேன் என்று சொன்னால் அது மிகை இல்லை.

அரிசி களைந்த நீர் எருமைக்கு. பாத்திரம் தேய்த்த நீர் வாழைக்கு. குளிக்க ஆளுக்கு ஒரு தவலை, அதற்கு மேல் கிடையாது. நைனா வெளியிலிருந்து வந்தால் கால் கழுவ அரைச் சொம்பு. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. அதை நான் திருப்தி என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

கயிறு கை மாறியது ஒரு காலை நேரத்தில், நான் பொதட்டூர்பேட்டைக்கு பஸ் பிடிக்கப் புறப்பட்டபோது. யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு கட்டி ஓட்டினார்கள். அது எப்போது கிளம்பும் என்று டிரைவருக்கே தெரியாது, அதனால் விடியும் முன்பே போய் நிற்க வேண்டும்.

"நீ விடிஞ்சா பஸ்ஸுக்கு ஓடறவ. வூட்டுக்கு மருமக வந்துட்டா. கயிறு அவ கையில இருக்கட்டும்மா" என்றார் நைனா.

"கோடை முடியட்டும் நைனா. எனக்குத்தான் ஊத்து எப்படின்னு தெரியும்."

"அவளும் தெரிஞ்சுக்கட்டும். ஏம்மா, பாத்துக்குவ இல்ல?"

"ஆங், மாமய்யா" என்றாள் அண்ணி. கயிற்றை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நைனாவின் முகம் மலர்ந்தது.

அண்ணி நகரிக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் ஓடும் ஊர்க்காரி. வாசலுக்கே தண்ணீர் வந்து போகும் இடத்தில் வளர்ந்தவள். சாணம் தெளிப்பது என்றால் வாசல் குளம்போல் நிற்கும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, அலசி, மறுபடி அலசுவாள். நைனா செருப்பைக் கழற்றும் முன்பே நிறைந்த சொம்போடு வந்து நின்று, குனிந்து, முழுவதையும் அவர் காலில் ஊற்றுவாள்.

"ஆஹா" என்றார் நைனா முதல் நாள். "எரிச்சலெல்லாம் அடங்கிப் போச்சும்மா."

அவருக்குப் பாதத்தில் எரிச்சல் இருந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் அரைச் சொம்புக்கு அவர் ஒரு நாளும் ஆஹா சொன்னதில்லை.

போதாததற்கு, அவளுடைய தமிழ் தெருவுக்கே பிடித்துப்போனது. எங்கள் ஊரில் தெலுங்கு தெரியாதவர் யார் இருக்கிறார்கள்? ஆனால் அவள் தமிழைத் தெலுங்கு வாயால் பேசினாள். சோறு என்பது "ச்சோறு". சட்டி என்பது "ச்சட்டி". தயிர்க்காரி இதைக் கேட்பதற்காகவே, "இன்னா சட்டிம்மா, இன்னொரு வாட்டி சொல்லு" என்று நின்று கேட்டு, ஒரு கரண்டி தயிர் அதிகமாக ஊற்றிவிட்டுப் போவாள். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருக்கும் எனக்கு அவள் ஒரு சொட்டு அதிகம் ஊற்றியது இல்லை.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "இன்னும் ச்சோறு போடவா?" என்றாள்.

"'ச்சோறு' இல்ல அண்ணி, சோறு. பல்லைக் கடிக்காம மெதுவா சொல்லுங்க. 'ச்சா' இல்ல, 'சா'."

"வாத்தியாரம்மா வந்துட்டாங்க" என்றான் அண்ணன்.

"தெருவுல சிரிக்கிறாங்கண்ணா. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. "சோறு, சட்டி, சொம்பு" என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிப் பார்த்தாள். "சரியா பாப்பா?" என்று கேட்டாள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள், என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். சரி என்றேன். சில நாளில் சுத்தமாகப் பேசினாள். தயிர்க்காரி ஏமாந்து போனாள். எனக்கு அந்த வாரம் நிம்மதியாக இருந்தது.

பிறகு கிணறு இறங்கத் தொடங்கியது.

கோடையில் இறங்குவது வழக்கம்தான். ஆனால் இது வழக்கமில்லாத வேகம். கல் கட்டிய நூலை விட்டுப் பார்த்தேன். முந்திய வருஷம் ஆனி மாதத்தில் இருந்த அளவு வைகாசியிலேயே வந்துவிட்டது. ஆடி வரை தாங்காது. வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் கழிவுநீர் ஓடும் சலதாரை ஈரமாக இருந்தது. வாழைக்குப் போகும் கால்வாய் நிரம்பி, மதில் ஓட்டை வழியாகப் பக்கத்துக் காலிமனை வரை நனைந்திருந்தது. அங்கே யாரோ கீரை விதைத்திருந்தார்கள், நன்றாக முளைத்தும் இருந்தது.

எனக்கு வருத்தம் இருந்தது. அதைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. இதோ அவளால் முடியவில்லை என்று காட்டக் கண்ணுக்கு முன்னால் சாட்சி இருந்தது. கிருத்திகைக்கு வாசலில் யார் நிற்பது என்பது இன்னும் முடிந்துபோன விஷயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நைனா கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். நான் கோபப்பட்டுப் பேசுகிறவள் இல்லை. ஒன்று, வாசல் தெளிப்பது. இரண்டு, குடம் அலசுவது. மூன்று, உங்கள் கால் கழுவும் முழுச் சொம்பு. இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் மாறிவிட்டது. நான்கு, எல்லாவற்றையும்விடப் பெரியது: தினமும் காலையில் சால் நிரம்பி வழிந்து சலதாரையில் ஓடுகிறது.

சால் என்பது கொல்லையில் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்திருந்த எங்கள் பெரிய மண் பாத்திரம். வீட்டுக் குடமெல்லாம் நிரம்பிய பிறகு, விசேஷ நாட்களில் மட்டும் அதில் நிரப்புவோம்.

நைனா அண்ணியைக் கூப்பிட்டார். காலையில் எங்களுக்குத் தண்ணீர் சேந்திக் கொடுக்கும் பெண்ணும் அப்போது கொல்லையில் இருந்தாள். வயல் வேலைக்குப் போகும் முன் வந்து சேந்திக் கொடுத்துவிட்டுப் போகிறவள். அவளையும் கூப்பிட்டார்.

"ஏம்மா, தெனமும் சால் ரொப்பச் சொல்றியா?"

"இல்லியே மாமய்யா. ரெண்டு குடம் ஆனதும் போதும்னு சொல்லிட்டு அடுப்பாண்ட போயிடறேன்."

சேந்துகிற பெண் இடுப்பில் கை வைத்தாள். "அய்யய்யோ! போதும்னு எங்கம்மா சொன்னே? தெனமும் நின்னுகினு, கைய நீட்டிகினு, 'சாலு, சாலு'ன்றே! நானும் சால்ல ஊத்திகினே கீறேன், ஊத்திகினே கீறேன், தோளு கழண்டு போச்சு!"

"ஆங், சாலுன்னுதான் சொன்னேன்" என்றாள் அண்ணி. "சாலுன்னா போதும்னுதானே?"

பிறகு நைனாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அவருக்கு இரண்டு மொழியும் ஒன்று. தெலுங்கில் போதும் என்பதும், தமிழில் அந்தப் பாத்திரமும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்தது அவருக்குத்தான் முதலில் புரிந்தது.

"அது இன்னாடி, உனக்குத் தெலுங்கு தெரியாதா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"தெரியாம இன்னா? முன்னே அவங்க 'ச்சாலு'ம்பாங்க, நான் நிறுத்திடுவேன். அது அவங்க ஊருப் பேச்சு. இப்ப 'சாலு'ன்றாங்க. இது நம்ம சாலு இல்ல?"

"வழியறத நீ பாக்கலியாம்மா?" என்று அண்ணியைக் கேட்டான் அண்ணன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பாத்தேன். இங்க தமிழ்க்காரங்க வூட்ல சால் வழிஞ்சாதான் லச்சணம்னு நெனச்சுக்கிட்டேன். புதுசா வந்தவ, எப்படிக் கேக்கறது?"

"முன்னே ஒழுங்கா ச்சாலுன்னுதானே சொல்லிகினு இருந்தே?" என்றாள் சேந்துகிற பெண்.

"பாப்பாதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் அண்ணி. "ச்சா கூடாது, சான்னு சொல்லணும்னு."

அதில் குற்றச்சாட்டு கிடையாது. நன்றியோடு சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எத்தனையோ கோடையைத் தண்ணீர் குறையாமல் கடத்திக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை இப்படிச் சிரிக்க வைத்ததில்லை. அவள் கிணற்றையே காலி செய்து சிரிக்க வைத்துவிட்டாள்.

மறுநாள் முதல் வழிவது நின்றது. அண்ணி நான் சொன்ன மற்ற மூன்றையும்கூட மறக்கவில்லை. குடத்தை ஒரு தடவைதான் அலசினாள், வாசலுக்குப் பாதித் தண்ணீர்தான். நைனா கால் கழுவும் சொம்பை மட்டும் அவள் குறைக்கவில்லை, குறைக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஊற்று மெல்ல ஏறியது. ஆனி முடிவில் ஒரு மழையும் பெய்தது.

கிருத்திகைக்கு முந்திய நாள் நைனா சொன்னார்: "வாசல்ல மருமகளே நிக்கட்டும். நீ உள்ள இருந்து அளந்து குடு. உன்ன மாதிரி அளக்க அவளால ஆவாது."

இரண்டாவது வாக்கியத்தை அவர் எனக்காகச் சொன்னார் என்று தெரிந்தது. அதனாலேயே அது இன்னும் கசந்தது.

அன்று விடியற்காலையிலிருந்து அரோகரா சத்தம். நான் நடையில் உட்கார்ந்து தவலையிலிருந்து சொம்புக்கு மொண்டு கொடுத்தேன். அண்ணி வாசலில் மஞ்சள் புடவையோடு நின்று ஒவ்வொரு காலிலும் ஊற்றினாள். அம்மையார்குப்பத்திலிருந்து வந்த நெசவுக்காரக் குடும்பத்தின் கிழவி ஒருத்தி, வருஷா வருஷம் என்னைப் பார்த்து அம்மாவின் முகம் என்பவள், அண்ணியின் கன்னத்தைத் தொட்டு, "மகராசியா இரு" என்றாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நிழலில் நான் இருப்பது தெரிந்திருக்காது.

கூட்டம் நின்றபோது அண்ணி திரும்பி, தெருவே கேட்கும்படி, "பாப்பா, ச்சாலு!" என்றாள். பல்லைக் கடித்து, அவள் ஊர்க்காரியாகவே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மொள்வதை நிறுத்தினேன்.

ஒரு வருஷம் கழித்து, இப்போது நிலை இது. எங்கள் வீட்டில் போதும் என்பதற்கு எல்லாரும் ச்சாலு என்றே சொல்கிறோம், நானும்தான். சால் விசேஷ நாளில் மட்டும் நிரம்புகிறது. கிணறு இந்தக் கோடையைத் தாண்டும். நூலை விட்டு அளப்பவள் நான். கயிறு அண்ணியிடம் இருக்கிறது, கிருத்திகையன்று வாசலில் நிற்பவளும் அவள்தான். எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.