கைப்பட எழுதிய கடிதம்

எங்கள் உபதேசியாரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது ஏழு உடைந்த சிலேட்டுகள். ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்டவை. ஒன்றுக்காவது மரச்சட்டம் முழுசாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவற்றை ஆலயத்துப் பெஞ்சில் அடுக்கிவைத்துவிட்டு, "பெண்பிள்ளைகள் மட்டும் இரிங்க" என்றார். ஊர் திகைத்துப்போய் நின்றது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு வேதம், கைக்கு லேஸ் ஊசி என்றுதான் ஏற்பாடு. வேதம் வாசிக்குமளவு எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும். எழுதத் தெரியக் கூடாது. தெரிந்தால் எவனுக்காவது காதல் கடிதம் எழுதிவிடுவோமாம்! பத்மநாபபுரத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் சின்னச் சபைக்குப் பாதிரியார் ஐயர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபமும் பிரசங்கமும் உபதேசியார் பொறுப்பு. அந்த ஏற்பாட்டைப் பிரசங்கத்தில் தாங்கிப் பேசியவரும் இதே மனிதர்தான்.

அவர் மாறியதற்குக் காரணம் எங்கள் அக்கா. அவளோடு போன மூன்று பெண்களும்தான். முப்பதுகள் பிறப்பதற்குச் சற்று முன் நடந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினேழு. அப்பா இறந்து நாலு வருஷமாகியிருந்தது. அப்போது எங்கள் சபைக்கு ஒருவன் வந்தான். ஊரில் அவனைக் கொழும்பண்ணன் என்றார்கள். வெள்ளை வேட்டி, கையில் வேதப்புத்தகம். கீர்த்தனை பாடினான் பாருங்கள், பாவி, என்ன குரல்! எங்கள் ஆட்களுக்கு அது போதும். நன்றாகப் பாடுகிறவன், முழங்காலில் நின்று கண்ணீர் விடுகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று முடிவுகட்டிவிட்டோம். கொழும்பில் ஒரு துரைசானி லேஸ் வீடு நடத்துகிறாள், நல்ல குடும்பத்துப் பெண்கள் நாலுபேர் வேண்டும் என்றான். உபதேசியார் அவன் யோக்கியன் என்று சபைத்தாளில் எழுதி முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அம்மா சம்மதித்தாள். ஆரல்வாய்மொழி வழியாகத் தூத்துக்குடிக்குப் போகிற வண்டியில் நாலு பேரும் ஏறியபோது, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்காக ஜெபம் செய்ததும் அவரே. அக்கா என்னைப் பார்த்து, "ஏட்டி, எனக்க ஊசிப்பெட்டிய தொட்டேன்னா வந்து கொன்னுருவேன்" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எழுதத் தெரியாதவள் யாரையோ வைத்து எழுதியிருப்பாள் என்று நினைத்தோம். சுகமாக இருக்கிறேன், சாப்பாடு நன்றாயிருக்கிறது, அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லவும் என்று இருந்தது. அம்மா, "எழுதினவன் தப்பா எழுதியிருப்பான், பாவம்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உபதேசியாருக்கு மனம் ஒப்பவில்லை. மற்ற மூன்று வீட்டுக்கும் போய்க் கடிதங்களை வாங்கிவந்தார். நாலும் ஒரே கையெழுத்து, எழுத்துப் பிசகாமல் ஒரே வாசகம். எங்கள் திண்ணென்ற மண்தரையில் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொழும்புச் சபைக்கு எழுதிக் கேட்டார். கொழும்பண்ணன் கொடுத்திருந்த விலாசத்தில் லேஸ் வீடு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. போலீசிலும் எழுதிவைத்தார்கள். கடல் தாண்டிப் போன பிள்ளைகளை யார் தேடுவார்கள்?

அடுத்த ஞாயிறு பீடத்தில் ஏறாமல் கீழே நின்று, "நாலு பிள்ளைகளை நான் எழுதி வித்துப்போட்டேன்" என்றார். அதற்கு அடுத்த வாரம்தான் சிலேட்டுகள் வந்தன.

முதலில் பேர், ஊர், தபால் விலாசம் எழுதப் பழக்கினார். பிறகு ஒவ்வொருத்தியும் தாயோடு ஒரு வீட்டு அடையாளம் பேசிவைக்கச் சொன்னார்: ஆட்டின் பேரோ, கிணற்றுப்படியின் எண்ணிக்கையோ, வெளியாருக்குத் தெரியாதது ஏதாவது. வெளியூர் போனால் கடிதத்தில் அது இருக்கவேண்டும். இல்லையென்றால் கடிதம் அவளுடையது அல்ல. சில நாள் அவரே தலைப்பாகை கட்டிக்கொண்டு, ஆள்பிடிக்க வந்தவனாக உள்ளே வருவார். நாங்கள் குறுக்குக் கேள்வி கேட்கவேண்டும். எந்த வீடு, யார் திருப்பிக் கொண்டுவிடுவார், முன்னால் போனவள் ஒருத்தியைக் காட்டு. மனிதருக்குப் பொய் வராது. இரண்டாவது கேள்வியிலேயே விழிப்பார். நாங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடப்போம். அவர் மட்டும் சிரிக்கமாட்டார். "உள்ளதக் கேட்டா ஊகிச்சுச் சொல்லிப்போடுவான் மக்கா. இல்லாததக் கேளு" என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார்.

நாலு வருஷம் கழித்து அது எனக்கு உதவியது. உதவியது என்று சொல்ல இன்றைக்கும் வாய் கூசுகிறது. ஒரு நாள் காலையில் முன்பின் தெரியாத ஒருவன், அக்காவின் பேரைச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தான். கையில் கடிதம். 'அம்மா, இதை என் கைப்பட எழுதுகிறேன். எனக்குச் சுகமில்லை. தங்கையை இவரோடு அனுப்பு. என்னைக் கூட்டிக்கொண்டு வருவாள்' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. அம்மா அந்தத் தாளை முகத்தில் ஒற்றிக்கொண்டு கதறினாள். நான் அவள் காதில், "அக்காவுக்கு எழுதத் தெரியாதும்மா" என்றேன். "அங்க போயி படிச்சிருப்பா. நீ படிக்கல்லியா?" என்று சீறினாள். எனக்கும் நம்பத்தான் ஆசை. என் துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள் அம்மா.

நான் அவனுக்கு மோர் கொடுத்துவிட்டு, "அக்கா இப்பவும் இடக்கையிலதான் ஊசி பிடிக்காளா?" என்று கேட்டேன். அக்காவுக்கு வலக்கைதான் பழக்கம். அவன் கொஞ்சமும் தயங்காமல், "ஆமா, இடக்கைதான். என்ன வேகம்!" என்றான். ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போகிறவள்போல் பின்வாசலில் இறங்கி, உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன்.

அவனைச் சத்தமில்லாமல் மடக்கியிருக்கலாம். தக்கலைப் போலீசில் ஒப்படைத்து, அக்கா எங்கே என்று கக்க வைத்திருக்கலாம். அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான். தீப்பிடித்தாலும், பனையிலிருந்து ஆள் விழுந்தாலும் எங்கள் ஊரில் ஆலய மணி அடிப்பார்கள். ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார். ஜனம் கூடியது. நேரமல்லா நேரத்தில் மணி கேட்டால் அவன் உட்கார்ந்து மோர் குடிப்பானா? நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் வாழைத்தோட்டம் தாண்டிப் போய்விட்டான். சாயங்காலம்வரை தேடியும் அகப்படவில்லை.

அக்காவின் பேரும் எங்கள் வீட்டு வழியும் தெரிந்தவன் அவன். அவள் இருக்கும் இடமும் தெரிந்திருக்கும். அந்த ஒரு நூலும் மணிச்சத்தத்தில் அறுந்தது. உபதேசியார் முற்றத்தில் வந்து நின்றபோது அம்மா, "இவள மீட்டுத் தந்துட்டீரு உபதேசியாரே. அவள நான் எங்க போயி தேடுவேன்?" என்று கேட்டாள். அதற்குப்பின் சாகும்வரை ஒரு ஞாயிறுகூட எழுத்து வகுப்பை அவர் நிறுத்தியதில்லை. அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசியதுமில்லை. அவர் என்னைக் காப்பாற்றியவர், அக்காவைத் தொலைத்தவர். இரண்டும் ஒரே ஆள் என்பதை என்னால் இன்றும் செரிக்கமுடியவில்லை.

அவருக்குப்பின் அந்த வகுப்பை நான் நடத்தினேன். இப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் நர்ஸ் வேலைக்கு எங்கெங்கோ போகிறார்கள். ஏஜெண்டு கொடுத்த தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். கிழவி தொணதொணக்கிறாள் என்று சலித்துக்கொண்டாலும் நான் கேட்கச் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். போகட்டும், எழுதட்டும்.

அந்தப் பொய்க் கடிதத்தை அடுப்பில் போட நான் எத்தனையோ தடவை பார்த்தேன், அம்மா விடவில்லை. சாகும்வரை ஞாயிறுதோறும் அதை எடுத்து என் மடியில் வைப்பாள். "பொய்யின்னு எனக்குத் தெரியும்ட்டி. நீ வாசி" என்பாள். அம்மா, இதை என் கைப்பட எழுதுகிறேன் என்று தொடங்கி, கடைசி வரிவரை நான் வாசிப்பேன். முடிந்ததும், "இன்னொருக்கா" என்பாள்.