தாராவிக்குப் போன கலை வரலாறு

1. மாட்டுங்காவில் உள்ள எங்கள் தமிழ் வாசகசாலைக்குக் கலை வரலாற்று நூல் ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று.

2. தாராவிக் கிளையில் பிள்ளைகளுக்கு விளையாட்டைப் பற்றிய கார்ட்டூன் படம் ஒன்று காட்டுவதென்றும் முடிவாயிற்று.

3. இரண்டையும் தேர்ந்தெடுக்கும் வேலை காரியதரிசிக்கும் எனக்கும் வந்தது. செம்பூரில் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவள் நான். கோயிலோ கார்ட்டூனோ, படம் என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

4. தாராவிக் கிளையின் சாவி ஒரு மளிகைக் கடைக்காரரின் மகளிடம் இருந்தது. நூல் தாராவியில்தான் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள்.

5. காரியதரிசி உடனே சம்மதிக்கவில்லை.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. டிராயிங் டீச்சர் ஆவதற்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கை வேலையில் அவளுக்குப் பயமில்லை. கலை வரலாற்றுத் தாள்தான் பயமுறுத்தியது. அதற்கு வேண்டிய நூல் எதுவும் அவளிடம் இல்லை.

“அக்கா, மாட்டுங்கா ரூம ஏழு மணிக்கே பூட்டிருதாவ. நான் கடைய விட்டு எறங்கவே எட்டு ஆவுதுல்லா. பூட்டப் பாக்கவா வரணும்?” என்றாள்.

காரியதரிசியிடம் சொன்னேன். “ஆர்ட் பேப்பர் புஸ்தகம்மா அது. அங்க போனா சாயங்காலம் பஜ்ஜி மடிச்சுத் தருவா. படம் போடற அன்னிக்குக் கூட்டம் எப்படி நடந்துக்கறதுன்னு பாக்கறேன். சத்தம் போடாம உக்காந்தா புஸ்தகம் அவாளுக்கு” என்றார்.

பார்வைக்கு மூன்று நூல்கள் வந்தன. முதலாவதன் நடை அழகு. ஆனால் எந்தப் படத்தின் கீழும் அளவு இல்லை. உள்ளங்கையில் அடங்கும் வெண்கலச் சிலையும் கோபுரமும் ஒரே உயரத்தில் நின்றன. இரண்டாவது, ஒவ்வொரு அரசனையும் புகழ்ந்துவிட்டுத்தான் அவன் கட்டியதற்கு வந்தது. மூன்றாவதன் தமிழ் வறட்சியானது. ஆனால் கோயில்களின் தரைப்படங்கள் அளவுகோலோடு இருந்தன. சிற்பம் எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. மூன்றாவதையே எடுத்தேன். காரியதரிசிக்கு முதலாவதுதான் பிடித்திருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

கார்ட்டூன்கள் இரண்டு. ஒன்று ஓட்டப்பந்தயம். அதில் சில படங்களையே திரும்பத் திரும்பப் போட்டு ஓட வைத்திருந்தார்கள். எந்தக் காலும் தரையில் பாவவில்லை. இன்னொன்று கபடி. குண்டான வீரன் ஒருவன் கோட்டைத் தாண்டிக் காலை வைக்கும்போது உடம்பின் கனம் முழுவதும் முன்காலில் இறங்குவது தெரிந்தது. அதை வரைந்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நான் பார்த்த அன்று ஸ்பீக்கர் வரவில்லை. வரைந்த கோட்டைத்தானே பார்க்கப்போகிறோம் என்று சத்தமில்லாமலே பார்த்து, கபடிக்கு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

தாராவிப் பள்ளி ஒன்றின் கூடத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போட்டோம். முன்வரிசையில் காரியதரிசி. கடைக்காரர் மகள் வாசலில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் மிரட்டினாள். “சத்தம் கேட்டுச்சு, வீட்டுக்கு வந்து சொல்லுவேன்.” பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

குண்டு வீரன் “கபடி கபடி” என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். நடுவில் வேடிக்கைக்காக அவன் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். கண் சுழன்றது, வாத்தியம் முழங்கியது, பாட்டு நின்றுபோனது. பிறகு ஒருவனைத் தொட்டுவிட்டு ஜெயித்தவனாகத் திரும்பினான்.

“தம் போச்சுடா! அவுட்!”

முதல் குரல் முன்வரிசையிலிருந்து வந்தது. காரியதரிசி எழுந்தே நின்றுவிட்டார். அதன் பிறகு கூடம் முழுக்க “அவுட், அவுட்”தான். படம் முடியும்வரை அடங்கவில்லை. ஒரு பையன் இந்தியில் அம்பயரைத் திட்டினான். படத்தில் அம்பயரே இல்லை.

விளக்கு போட்டதும் காரியதரிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலில் நின்றவள் முகம் வெளுத்திருந்தது. நூல் போய்விட்டது என்றே நினைத்தாள். ஆனாலும் வாயை அடக்க அவளால் முடியவில்லை.

“சார்தான் மொதல்ல கத்துனாவ. பொறவுதான் எங்க பிள்ளைய.”

“நான் சின்ன வயசுல கிங் சர்க்கிள் பக்கம் மராத்திப் பசங்களோட ஆடினவன்மா. தம் விட்டவனை ஜெயிச்சான்னா யார் கேப்பா?” என்றார் அவர். என் பக்கம் திரும்பினார். “நீ எப்படி இதைப் பாஸ் பண்ணினே?”

“சத்தமில்லாம பார்த்தேன் சார். கால் நன்னா வரைஞ்சிருந்தது.”

“காலா ஆடறது? மூச்சுன்னா ஆடறது!”

முதலில் சிரித்தவள் கடைக்காரர் மகள்தான். அவரும் சிரித்துவிட்டு, “புஸ்தகம் தாராவி ரூமை விட்டு வெளியே போகப்படாது. பஜ்ஜி கிட்டவே வரப்படாது” என்றார்.

நூல் இப்போது தாராவிக் கிளையில் இருக்கிறது. கடை அடைத்ததும் வந்து படிக்கிறாள். பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள், இன்னும் எழுதவில்லை.