சில்லாவின் எலும்பும் எங்கள் வீட்டுத் தேநீரும்

எழுபதுகளின் கடைசியில் மெல்பேர்னில் எங்கள் கூட்டம் என்றால் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வீட்டுக்காரர் அரை மணி நேரம் ஏதாவது பேச வேண்டும். அந்தத் தண்டனைக்குப் பிறகு வடை. ஒருவர் நீரிழிவைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் பாலம் கட்டுவதைப் பற்றி. நோபல் பார்க்கில் இருந்த எங்கள் வீட்டின் முறை வந்தபோது, பழைய கொரியாவின் சில்லா அரசைப் பற்றிப் பேசப்போவதாக அறிவித்தேன். அறிவுத்தாகம் ஒன்றுமில்லை. கூட்டத்தில் எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொல்லும் அங்கிள் ஒருவர் இருந்தார். அவருக்குக் கொரியாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கும் நூலகப் புத்தகத்தில் படம் பார்த்த அளவுதான் தெரியும்.

அந்த அங்கிள் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. "வயிறு சரியில்லை, தம்பி" என்பார். மற்ற வீடுகளில் அதே வயிறு மூன்று தட்டு இடியப்பம் தாங்கும். என் மனைவி யாருடைய மகள் என்பது தெரியும்வரை அது எங்கள் வீட்டில் சரியாகப்போவதில்லை. நாங்கள் சாதி விட்டுச் சாதி கட்டி, இரு வீட்டாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறியவர்கள். இது தெரிந்தால் அந்த ஏழெட்டுக் கதவுகளும் மூடிவிடும் என்று பயந்தேன். மனைவிக்கு அந்த வீடுகளை விட்டால் இந்த நாட்டில் பேச ஆளில்லை. ஆகவே "பிள்ளை ஊரிலை எவடம்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஒரு பகிடி சொல்லிச் சிரிக்கவைத்து நழுவுவேன். பகிடிகள் தீர்ந்துகொண்டிருந்தன.

அன்று அங்கிளுக்குப் பின்னால், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கொரியரும் வந்தார்.

"என்னோடை வேலை செய்யிறவர், தம்பி. அவரின்ரை ஊர்ச் சரித்திரமெண்டு சொன்னன், உடனை வாறனெண்டிட்டார். நீர் பிழை விட்டால் திருத்துவார்."

எனக்கு வயிறு சரியில்லாமல் போனது. அங்கிளுடையதைப் போல் அல்ல, உண்மையாகவே.

குசினிக்குள் ஓடினேன். "எனக்குக் காய்ச்சல் மாதிரிக் கிடக்கு."

மனைவி வடையைப் புரட்டிக்கொண்டே புறங்கையால் என் கழுத்தைத் தொட்டாள். "ஐஸ் மாதிரி இருக்கிறீங்கள். போய்ப் பேசுங்கோ."

குசினி யன்னலைப் பார்த்தேன். என் அகலத்துக்கு அது போதாது.

கொரியருக்காக ஆங்கிலத்தில் பேசினேன். மரக்கிளை போலவும் மான்கொம்பு போலவும் நிமிர்ந்து நிற்கும் பொன்முடிகளைச் சொன்னேன். அவற்றில் தொங்கும் பச்சைக் கல்மணிகளையும், புல் மூடிய குன்றுகளாக நிற்கும் அரச சமாதிகளையும் சொன்னேன். மனிதர் மகிழ்ந்து தலையாட்டினார். அந்தத் தெம்பில் மறுபடி பொன்முடிக்குப் போனேன். மூன்றாவது முறையும் நான் முடியைத் தூக்கியபோது அவர் பணிவாகக் கையை உயர்த்தினார்.

"எலும்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே?"

அதுதான் நான் வேண்டுமென்றே தாண்டிய பகுதி. படித்த அன்றே, பின்னால் அங்கிள் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்திருந்தேன். சில்லாவில் மனிதனின் எலும்பு, அதாவது அவன் குலத்தரம், பிறப்பிலேயே முடிவாகிவிடும். உச்சியில் புனித எலும்பு, அதன் கீழே மெய்யெலும்பு, அதற்கும் கீழே பல படிகள். என்ன பதவி, எவ்வளவு பெரிய வீடு, என்ன நிற உடுப்பு, யாரோடு கலியாணம் எல்லாம் எலும்பின்படிதான். நான் திக்கிய இடமெல்லாம் அவர் அன்போடு எடுத்துக்கொடுத்தார். என்னைச் சுற்றி நானே பலகை அடிக்க, அவர் ஆணி நீட்டிக்கொண்டிருந்தார்.

"புனித எலும்பில் ஆண்கள் தீர்ந்துபோனதும் ஒரு பெண்ணை அரியணையில் ஏற்றினார்கள்" என்று அவரே முடித்துவைத்தார். "எலும்பை விட அவர்களுக்கு மனமில்லை. உங்கள் ஊரில் இப்படி ஏதும் இருந்ததா?"

யாரோ உட்கார்ந்திருந்த கதிரையை அரக்கினார்கள். ஒரு பகிடிக்காக வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது.

அங்கிள் முந்திக்கொண்டார். "எங்களிடம் அப்படி ஒன்றும் கிடையாது" என்றார் ஆங்கிலத்தில். "நாங்கள் எல்லாரும் ஒன்று."

அப்போது மனைவி தேநீர்த் தட்டோடு வந்தாள். கொரியர் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக்கொண்டார். அவள் நேரே அங்கிளின் முன்னால் போய் நின்றாள்.

"எடுங்கோ அங்கிள்."

"இல்லை, பிள்ளை, வயிறு..."

"என்ரை அப்பா பனையிலை கள்ளுச் சீவினவர், அங்கிள். நீங்கள் எத்தினை தரம் கேட்டனீங்கள், இவர் சொல்லேல்லை. இஞ்சி போட்டிருக்கு, வயித்துக்கு நல்லது."

அவள் சொன்னது கொரியருக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் இன்னும் குடிக்காமல், கோப்பையை ஏந்தியபடி அங்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் மூத்தவர். நீங்கள் குடித்தால்தான் நான் குடிக்கலாம். எங்கள் வழக்கம்."

அங்கிள் கோப்பையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், யன்னலையும் பார்த்தார். அவருடைய அகலத்துக்கு அதுவும் போதாது. கடைசியில் எடுத்து ஒரு மிடறு குடித்தார். கொரியர் தலைகுனிந்து வணங்கிவிட்டுக் குடித்தார்.

எல்லாரும் போனபின், "நான் சொல்லத்தான் இருந்தனான்" என்றேன்.

"ஓம், வாயைத் திறந்துகொண்டு நிண்டதைப் பாத்தனான்."

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. முதல் கதவு மூடுகிறது என்று நினைத்துக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். எடுத்தவள் மனைவி. கதவோடு காதை ஒட்டிக்கொண்டேன். பிறகு அவள் குரல் கேட்டது:

"ஓம் அன்ரி. இல்லையில்லை, வடைக்குப் பருப்பை அவ்வளவுக்கு அரைக்கக்கூடாது..."