உப்பில்லாத உருண்டை

திமிங்கிலம் என்றால் டேனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் இருந்த எங்கள் வீட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது எட்டு வயதில் என் உறுதியான கொள்கை. வகுப்பில் பாதிப் பேர் படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அளந்துகொண்டிருந்தார்கள். அதனால் அப்பா ஒரு சனிக்கிழமை, "லில்லபெல்ட் கடலுக்குப் போவம், திமிங்கிலம் பாக்க" என்றபோது சப்பாத்தோடு கட்டிலில் ஏறித் துள்ளினேன்.

அது ஊரில் சண்டை முடிந்த வருடம். முள்ளிவாய்க்கால் பக்கம் இருந்த மாமாவிடமிருந்து, அதாவது அம்மாவின் ஒரே தம்பியிடமிருந்து, ஒரு தகவலும் இல்லை. லண்டன் பெரியப்பா தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இனி ஆள் இல்லை, அந்தியேட்டியைச் செய்து அவனை வழியனுப்புங்கோ. செத்தவருக்கான அந்தச் சடங்கைக் கடலில் செய்ய வேண்டும். எங்களிடம் படகில்லை, திமிங்கிலம் காட்டும் படகுதான் கிடைத்தது. அப்பா விடியவே எழும்பி, எள்ளும் சோறும் குழைத்து உருண்டை பிடித்து, என் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் அடைத்தார். அம்மா குசினிப் பக்கமே வரவில்லை.

"நான் பிள்ளைக்குத் திமிங்கிலம் காட்டத்தான் வாறன். வேற ஒண்டுக்கும் இல்லை" என்றார் அம்மா.

இந்தப் பேச்செல்லாம் என் காதில் விழுந்தது. விளங்கியது திமிங்கிலம் மட்டும். உருண்டைகளும் அதற்குத்தான் என்று முடிவு கட்டினேன்.

நடுக்கடலில் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். சிறிது நேரத்தில் 'புஃப்' என்று ஒரு மூச்சு. பிறகு கறுப்பாக ஒரு முதுகு, எங்கள் சோபா அளவுகூட இல்லை. இதுவும் திமிங்கிலச் சாதிதான், குட்டை வகை என்று படகுக்காரர் டேனிஷில் சமாதானம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதுவோ போகிற பாடில்லை. படகைச் சுற்றிச் சுற்றி வந்து, சரிந்து படுத்து, விடுப்புப் பார்க்க வேலியால் எட்டும் அயலட்டைச் சனம் போல ஒரு கண்ணால் எங்களைப் பார்த்தது.

அப்பா பெட்டியைத் திறந்தார். படகுக்காரர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"தீன் போடக் கூடாதாம்" என்று மொழிபெயர்த்தேன்.

"இது அதுக்கில்லை எண்டு சொல்லு."

"அப்ப ஆருக்கு?"

அம்மா பெட்டியைப் பறித்தார்.

"என்ர தம்பி செத்ததை ஆர் கண்டது? நீங்கள் கண்டனீங்களோ?"

"ஒருத்தரும் காணேல்லைத்தான். எண்டாலும் செய்யாட்டி அவன்ர ஆத்துமா அலையுமெல்லே..."

"படைக்கிற வரைக்கும் இது வெறும் சோறு."

அம்மா ஓர் உருண்டையை எடுத்துத் தன் வாயில் வைத்தார். எனக்கொன்று தந்தார். அப்பாவிடமும் ஒன்றை நீட்டினார். அப்பா அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சாப்பிடுங்கோ."

அப்பா சாப்பிட்டார். குட்டைத் திமிங்கிலம் மறுபடியும் கிட்ட வந்து மூச்சு விட்டது. அம்மா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "உனக்கும் இல்லை" என்று அதனிடமே சொன்னார். ஒரு பருக்கைகூடக் கடலில் விழவில்லை. விதியை மதிக்கும் நல்ல குடும்பம் என்று படகுக்காரர் எங்களுக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அப்பா, உப்புப் போடேல்லை" என்று முகத்தைச் சுளித்தேன்.

"மறந்து போனன்" என்றார் அப்பா.

அதன்பிறகு வீட்டுக் கறியில் உப்புக் குறையும்போதெல்லாம் அந்தச் சமையலைச் சொல்லி அப்பாவைக் கேலி செய்வேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. அம்மா மட்டும், "அண்டைக்கு அது நல்ல சோறு" என்பார். மாமா வரவில்லை. அந்தியேட்டியும் நடக்கவில்லை. இறந்தவர்களுக்குப் படைக்கும் உருண்டையில் உப்புச் சேர்ப்பதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.